ஷிச்சிரிகஹாமாவில் வடை போன கதை

நேற்று மறுபடியும் கடலுக்கு, ஜப்பானில் காமகுராவிலுள்ள ஷிச்சிரிகஹாமா கடற்கரைக்குப் போனோம். தங்கமணி எவ்வளவோ முறைத்தும் போனோம்.

என் ஜப்பான் அழகியல் பித்து தெரிந்ததுதானே. புத்தாண்டு லீவில் குடும்பத்தையே உவேனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போய், ஹாசெகாவா தோஹாகுவின் பைன்மரத் திரைகள் முன்னால் நிறுத்தினேன். 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வரைந்தது. மூடுபனிக்குள் ஆங்காங்கே சில மரங்கள், மிச்சமெல்லாம் வெறும் தாள். "அந்த வெற்றிடம்தான் படமே. அதுக்குப் பேரு 'மா'" என்றேன். "மை தீந்துபோச்சோ என்னவோ, பாவம்" என்றார் அம்மா. 'மா' என்றதும் வேறு, உளுந்து ஊறப்போடாதது ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு.

அந்த உளுந்துதான் நேற்று வடையாகக் கூடவே வந்தது.

புகைப்படக் கலைஞர் சுகிமோட்டோ ஹிரோஷி 1980இலிருந்து எடுத்த கடல் படங்களைப் போல ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் எனக்கு. கறுப்பு வெள்ளையில் பாதி வானம், பாதி கடல். படகில்லை, ஆளில்லை. "ஃபுஜி அந்தப் பக்கம் இருக்குங்க" என்றாள் தங்கமணி. அது வேண்டாம் என்றேன். பார்த்தாள் ஒரு பார்வை.

கேமராவில் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர். வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். கண் சிமிட்டும் நேரத்தில் விழவேண்டிய படத்துக்கு அரை நிமிடம் பிடிக்கும். அலையெல்லாம் புகையாகிவிடும், குறுக்கே ஓடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள். பட்டனை அழுத்தினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விசிறல். கறுப்பு மணலில் தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா கையிலிருந்த வடை அப்படியே மேலே போயிற்று.

பருந்து! போர்டே வைத்திருக்கிறார்கள். நான்தான் வானத்தையும் கடலையும் அளந்துகொண்டிருந்தேனே. தங்கமணியும் மகளும் கத்திக்கொண்டு ஓட, பின்னாலேயே நானும். அம்மா மட்டும் அசையவில்லை. "நம்மூர்க் கள்ளப்பருந்துதான்டா. கோழிக்குஞ்சு தூக்கும்" என்று அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி இருக்காங்க, வடை இருக்கு. நரி எங்கப்பா?" என்றாள் மகள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ராத்திரி கணினியில் திறந்தேன். பால் மாதிரி கடல். பருந்து இல்லை, ஓடிய மூன்று பேரும் இல்லை. இடது மூலையில் அம்மா மட்டும், சின்னதாக, வெறும் கையோடு.

அந்த மூலையை வெட்டினால் சரியாகப் பாதி வானம், பாதி கடல். மவுஸ் இரண்டு தடவை அங்கே போய்த் திரும்பியது.

வியாழக்கிழமை அம்மாவுக்கு ஃப்ளைட்.