அடிகுழாயைத் தாண்டி ஒரு பாடம்

பள்ளிப் பாடங்களில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் அடிகுழாயடியிலேயே நின்றுவிடுகிறார். ஒரு கையில் தண்ணீர் வழிய, மறு கையில் ஆசிரியை எழுத்துக்கூட்ட, பொருளுக்குப் பெயர் உண்டென்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது, பாடமும் முடிந்துவிடுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தது, பெண்களின் வாக்குரிமைக்காக எழுதியது எல்லாம் வினாத்தாளில் வந்து நான் பார்த்ததில்லை.

எரிச்சலூட்டுவது இதுதான். மாற்றுத்திறனாளிகளைத் தன்னம்பிக்கைக் கதைகளாகச் சொல்லிக்கொடுக்கிறோம், வரலாறாக அல்ல. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாதோர் பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள்! பிறகு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வகுப்பில் கையசைத்துப் பேசியதற்காக அடி வாங்கினார்கள். அதற்கு அந்த மாநாட்டின் வாரிசுகள் வருத்தம் தெரிவித்தது 2010இல்.

1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில், சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, தங்களுக்கு உரிமைச் சட்டம் கேட்டு மாற்றுத்திறனாளிகள் தவழ்ந்தே ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. ஜூலையில் அந்தச் சட்டம் கையெழுத்தானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது விளங்கும்.

அனுதாபம் காட்டச் சொல்லிக்கொடுப்பது எளிது, செலவும் இல்லை. (கண்ணைக் கட்டி நடக்கவைக்கும் விளையாட்டு வேறு!) வரலாறு படித்த பிள்ளையோ, "நம் பள்ளியில் சாய்தளம் ஏன் இல்லை?" என்று கேட்கும். தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கட்டுமே.