மாமி வீட்டு ஹெரால்டு

அக்டோபர் 9
இன்றும் மாமியிடமிருந்து போன் வரவில்லை. அந்தப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எனக்கு விற்பாரா, தெரியவில்லை.

அக்டோபர் 11
நானாகவே போய்விட்டேன். "இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். மேற்கு மாம்பலத்தில் எனக்கு என்ன வேலை? மாமிக்கும் தெரியும். காபி கொடுத்தார்.

வண்டி வேப்பமரத்தடியில் அப்படியே நிற்கிறது. 1969, நாலு கதவு, ஒரு டயரிலும் காற்றில்லை. பின்சீட் முழுக்கத் தேங்காய் மட்டை, பாய்லருக்காம். ஹெரால்டில் பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயும். அப்புறம் டயர்மேல் உட்கார்ந்தே இஞ்சினில் வேலை பார்க்கலாம். இடதுபக்கக் கொக்கி துருவில் இறுகியிருந்தது. மாமி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டார், வந்துவிட்டது. 948 சிசி இஞ்சின் இருக்கிறது, கார்புரேட்டர் இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து திருப்பதி காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். கதவின் கீழ் விளிம்பில் வைத்தால் நழுவி விழுகிறது. பட்டி, துருவை மறைக்கப் பூசிய பசை; இரும்பில்லை. நாலு விரற்கடை மேலே வைத்தால் பிடிக்கிறது. சரி, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அப்புறம் அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸிலிருந்து, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்திலிருந்து, பக்கவாட்டில் நீளும் இரும்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினேன். லேசாகத்தான். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

மாமி டம்ளரை வைக்க உள்ளே போயிருந்தார். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 12
சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 15
புதுப்பேட்டை, பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் இடம். கார்புரேட்டர் என்றதும் எந்த வண்டிக்கு என்றார்கள். ஸ்டாண்டர்டு என்றதும் சிரித்தார்கள். அம்பாசடருக்கு, பியட்டுக்கு எது வேண்டுமானாலும் கிடைக்குமாம். முப்பது கிலோமீட்டர் தள்ளி வண்டலூரில் செய்த வண்டிக்கு இந்த மரியாதை!

ஒரு டிங்கர் அண்ணன் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். "பின்சக்கரம் காலை அகட்டிக்கிட்டு நிக்குமே, அந்த வண்டிதானே?" அதேதான். மெக்கானிக்குகளுக்கு அந்தப் பின் அச்சு பிடிக்கவே இல்லை, ஹெரால்டுக்கு அடுத்த மாடலான கெசல் வந்தபோது அதைத்தான் மாற்றினார்கள். பாடி துருப்பிடித்தால் பயமில்லையாம், போல்டைக் கழற்றி இறக்கிவிடலாம். "சேஸிஸ் நல்லா இருக்குல்ல சார்?"

இருக்கு என்றேன்.

அக்டோபர் 18
ஆர்.சி. மாமா பெயரில். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், ஃபார்ம் 31 போட்டு மாமி பெயருக்கு வரவேண்டும், அப்புறம் 29, 30 போட்டு எனக்கு. நடுவில் டல்லாஸில் இருக்கும் மாமியின் பையன் சம்மதிக்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வண்டி என்பதால் பழமையான வண்டிகளுக்கான விஏ நம்பர் வாங்கலாம். அதற்கு இருபதாயிரம் ரூபாய். வாங்கினால் தினசரி ஓட்டக்கூடாது.

"ஓட்டக்கூடாத வண்டிக்கு இருபதாயிரமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 21
ராத்திரி இரண்டு மணி. மழை. வேப்பமரம் எவ்வளவு தாங்கும்? மேலே கொட்டுவதுகூடப் பரவாயில்லை, தரையில் அடித்துத் தெறிக்கிற தண்ணீர் நேராக அந்த ஓட்டைக்குள்தான் போகும். துரு உள்ளிருந்து தின்னும். நான் குத்தாவிட்டாலும் அங்கே ஒன்றும் இல்லைதான். ஆனால் குத்தியது நான்.

அக்டோபர் 22
மழை.

அக்டோபர் 24
தார்ப்பாய் வாங்கிப் போய்க் கட்டினேன். என் வண்டி இல்லை, என் தார்ப்பாய். நாலு முனைக்கும் கயிறு, ஒரு முனை மாமியின் துணிக்கொடியில். முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். கட்டுகிற சாக்கில் குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டேன். சேறு வந்தது, கூடவே அப்பளம்போல ஒரு துண்டு இரும்பு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாமி குடை பிடித்தபடி நின்றார். "வாங்கிட்டு உடைச்சு புதுப்பேட்டையில போட்டுட மாட்டீங்களே?"

சத்தியம் செய்தேன். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 26
அந்தத் துண்டு வாஷிங் மெஷினில் அகப்பட்டது. இரண்டு வெள்ளைச் சட்டை காலி. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அக்டோபர் 28
காலை ஐந்தரைக்குப் பையன் கூப்பிட்டார். நல்ல மாதிரிதான். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "வண்டிக்கு அடியில எப்படி இருக்கு, பார்த்தீங்களா?" என்றார்.