கறுப்பனுக்கு ரெண்டு துணை

எங்கள் கினிப்பன்றி கறுப்பனின் அண்ணன் செத்த பிறகு இவன் கூட்டின் மூலையை விட்டு அசையவே இல்லை. இங்கே சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008 முதலே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான், அவை கூட்டமாக வாழும் பிராணிகள்.

விலங்குக் காப்பகத்தில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் இருந்தார்கள். ஆனால் கறுப்பனுக்கு முதலில் விதைநீக்கம் செய்ய வேண்டியிருந்தது. அறுவை முடிந்தும் ஆறு வாரம் வரை அவனால் குட்டி உண்டாகலாம் என்பதால் பக்கத்துப் பக்கத்துக் கூடுகள், நடுவே கம்பிவலை. வாசனையாவது பழகட்டும்.

நேற்றுதான் நேரில் விட்டோம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும், அதனால் ஹாலில் போர்வை விரித்து, காய்ந்த புல்லைக் குவித்து, இரண்டு வாசல் வைத்த அட்டைப்பெட்டிகள். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டவள் கடிப்பாள். கறுப்பன் ஐயா இடுப்பை ஆட்டி உறுமிக்கொண்டு போனார். பெரியவள் திரும்பி அவர் மூஞ்சியிலேயே மூத்திரத்தைப் பீய்ச்சினாள்! வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

துரத்தல், ஏறுதல், பல் நறநறப்பு எல்லாம் சகஜம். ரத்தம் வந்தாலோ கட்டிப் புரண்டாலோ துண்டைப் போட்டுப் பிரிக்கணும், வெறும் கையை நீட்டக் கூடாது. அதற்கு முன்பே பதறிப் பிரித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

சாயங்காலம் மூவரும் ஒரே குவியலில் புல் தின்றார்கள். சின்னவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, சொல்லுங்களேன்.