வீட்டு நாய் மீட்புப் பணிக்குத் தேறுமா? சோதித்துப் பார்க்கும் முறை

ஒளித்து வைத்த பிஸ்கட்டை நொடியில் கண்டுபிடித்துவிடுகிறது, அதனால் இது தேடல் மீட்புப் பணிக்கு ஏற்ற நாய் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மோப்பம் எந்த நாய்க்கும் வேண்டிய அளவு உண்டு. முதல் கட்டத் தேர்வில் அதை யாரும் அளப்பதில்லை. தேடும் பொருள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும், உதவிக்கு யாரும் வராதபோதும் நாய் தேடிக்கொண்டே இருக்கிறதா, முன்பின் தெரியாத இடத்தில் அதன் நெஞ்சுரம் எப்படி என்ற இரண்டைத்தான் பார்ப்பார்கள். மீதி எல்லாம் பழக்கத்தில் வரும். இந்த இரண்டையும் பழக்கிக் கொண்டுவருவது கடினம்.

நம் நாட்டில் தேசியப் பேரிடர் மீட்புப் படை தானே நாய்களை வைத்துப் பழக்குகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது 6 வயதுச் சிறுமி இடிபாட்டுக்குள் இருந்த இடத்தைக் காட்டிய ஜூலி, ரோமியோ என்ற லாப்ரடார்கள் அந்தப் படையைச் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்தின் ரெடாக் போன்ற அமைப்புகளில் நிலைமை வேறு. அங்கே தன்னார்வலர் வீட்டில் வளரும் நாயே மீட்பு நாயாகவும் இருக்கும். ஜப்பானில் 2010 இல் நாரா மாநிலக் காவல்துறை நடத்திய தேடல் மீட்புத் தேர்வில் மோமோ என்ற 3 கிலோ எடையுள்ள சிவாவா தேறியது. பெரிய நாய் நுழைய முடியாத இடுக்கில் அது நுழையும். எனவே இனத்தை மட்டும் வைத்து ஒரு நாயை ஒதுக்கிவிடாதீர்கள். அதேசமயம் இனத்தின் குணத்தை மறந்துவிடவும் கூடாது. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய், இரை மறைந்தால் ஆர்வம் குறையும் வாய்ப்பு அதிகம். ராஜபாளையம் காவலுக்கு வளர்க்கப்பட்டது, அந்நியரைச் சந்தேகிப்பது அதன் இயல்பிலேயே உண்டு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை மட்டும் தயங்காமல் விட்டுவிடலாம். வெயிலில் அவற்றால் மூச்சுவிட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

வயது 10 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மாதக் குட்டியிடம் செய்யும் சோதனையை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். வளர வளரக் குணம் மாறும். சோதனைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் இடுப்பு மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். நாய்களின் மூட்டுகளைப் பரிசீலித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு 2 வயதுக்கு முன் இடுப்புக்கு இறுதிச் சான்று தருவதில்லை என்றாலும், மோசமான மூட்டு ஒரு வயதிலேயே படத்தில் தெரிந்துவிடும். இரண்டு வருடம் பாடுபட்டுப் பழக்கிய பிறகு நாய் நொண்டினால் அத்தனையும் வீண்.

இனி இடமும் பொருளும். வீட்டுத் தோட்டத்தில் வைத்துச் சோதித்தால் எல்லா நாயும் தேறிவிடும். நாய் இதுவரை காலடி வைக்காத இடம் வேண்டும்: முழங்கால் உயரப் புல்லும் புதரும் உள்ள தோப்பு ஒன்று, கட்டி முடியாத கட்டடம் ஒன்று. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நாய் வாயால் மூச்சிரைக்கத் தொடங்கும், வாயால் மூச்சிரைக்கும் நாய் மோப்பம் பிடிப்பது பாதிதான். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பொம்மை நாய்க்குப் பழகியதாக, அதற்கு உயிரானதாக இருக்க வேண்டும். கயிறு கோத்த ரப்பர் பந்து வசதியானது. தொண்டையில் சிக்கும் அளவு சின்னப் பந்து வேண்டவே வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வரும். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் அந்தப் பொம்மையை நாயின் கண்ணில் காட்டாதீர்கள். கழுத்துப் பட்டையில் பிடித்து இழுத்தால் நாய் திமிறும், இருமும். அதனால் மார்பைச் சுற்றிக் கட்டும் வார் போடுங்கள்.

தேடும் வேட்கையைச் சோதிப்பதுதான் இதில் முக்கியம். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பந்தால் ஆசை காட்டிவிட்டு 15, 20 மீட்டர் தள்ளிப் புதருக்குள் எறிய வேண்டும். நடந்துபோய் வைக்கக் கூடாது. வைத்தால் அவர் காலடி வாசனையைத் தொடர்ந்தே நாய் நேராகப் போய்விடும், அது தேடல் ஆகாது. விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளும் நாய்களும் உண்டு. அதற்காக எறிந்தவுடன் நாயை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்து நொடி கழித்து விடுங்கள். அடுத்த முறை 30 நொடி, அதற்கடுத்து ஒரு நிமிடம். ஒரு நிமிடம் காத்த பிறகும் வேகம் குறையாமல் பாய்ந்தால் பந்து அதன் மனதில் இருக்கிறது. விட்டதும் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கப் போனால் பந்து மறந்துபோயிற்று.

மூன்று முறை நன்றாகத் தேடி எடுத்துவந்தால் போலி எறிதல் செய்யுங்கள். எறிவது போலக் கையை வீசிவிட்டுப் பந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். நாய் இல்லாத பந்தைத் தேடப் போகும். இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் திரும்பிவந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் நாய் வீட்டில் இருக்க வேண்டிய நாய். நல்ல தேடல் நாய் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும், பார்த்த இடத்தை விட்டுப் பார்க்காத இடத்துக்கு மாறும். மூன்று நிமிடம் தானாகத் தேடினால் நன்று, ஐந்து நிமிடம் தேடினால் அருமை. முடிக்கும்போது நாய் கவனிக்காத நேரம் பார்த்து இரண்டாவது பந்தைப் புதருக்குள் போட்டுவிடுங்கள், அது கண்டுபிடித்து வெற்றியோடு வரட்டும். இல்லாததைத் தேடித் தோற்ற நினைவோடு அதை வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் நாயின் உடம்பைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வாசனை கிடைத்த நொடியில் மூச்சிரைப்பு சட்டென்று நிற்கும், வாய் மூடும், தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பும், வால் வேகம் மாறும். இந்த மாற்றம் வெளிப்படையாகத் தெரியும் நாயோடு வேலை செய்வது சுலபம். சில நாய்கள் எதையும் காட்டாமலே கண்டுபிடித்துவிடும். அது குறையல்ல, நாயைக் கையாள்பவருக்குத்தான் கண் பழக வேண்டும்.

பந்து கிடைக்காத நிலையில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பந்தை ஒரு கனமான மரச்சட்டகத்துக்கு அடியில், வாசனை வரும் ஆனால் வாய் எட்டாத மாதிரி வைத்துவிடுங்கள். பிறாண்டுவது, குரைப்பது, சுற்றிச் சுற்றி வழி பார்ப்பது எல்லாம் நல்ல அறிகுறி. ஒரு முறை முகர்ந்துவிட்டு உட்கார்ந்து உங்களைப் பார்த்தால், எல்லாக் கதவையும் நீங்களே திறந்துவிட்டு வளர்த்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது மனிதரைத் தேடுவது. இதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது காற்றில். ஒளிபவரிடமிருந்து நாயை நோக்கிக் காற்று வர வேண்டும். முகப்பவுடரைக் கையில் எடுத்து ஊதினாலோ ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தாலோ திசை தெரிந்துவிடும். காற்று எதிர்த்திசையில் இருந்தால் நாய்க்கு வாசனையே எட்டாது, நீங்கள் நாயைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நாய்க்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவர் பொம்மையோடு ஆசை காட்டியபடி 30 மீட்டர் ஓடி மரத்துக்குப் பின்னால் ஒளியட்டும். நாய் போய்ச் சேர்ந்ததும் பொம்மையை அவர்தான் கொடுக்க வேண்டும், அங்கேயே ஒரு நிமிடம் இழுத்து விளையாட வேண்டும். இரண்டாம் முறை கடைசி ஐந்து மீட்டரில் அவர் வேறு பக்கம் திரும்பி ஒளியட்டும். மூன்றாம் முறை அவர் போவதை நாய் பார்க்கவே கூடாது. மூன்றாவதில் திணறினால் பாதகமில்லை, பழகாத நாய்க்கு அது புதுக்கணக்கு. ஆனால் முதல் முறையிலேயே பாதி வழியில் நின்று உரிமையாளரைத் திரும்பிப் பார்ப்பது நல்ல குறியல்ல.

நெஞ்சுரத்துக்குக் கட்டடத்துக்குப் போங்கள். தகரம், கம்பி வலை, தார்ப்பாய், ஆடும் பலகை, சரிவாகக் கொட்டிய ஜல்லி, இருட்டறை, படுத்தபடி நுழைய வேண்டிய குழாய். ஒவ்வொன்றிலும் பொம்மையைக் காட்டி நடத்திப் பாருங்கள், இழுத்துப் போகாதீர்கள். நாய் ஐந்து மீட்டர் தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய பாத்திரத்தைத் தரையில் போடுங்கள். துள்ளி விழுந்தால் தவறில்லை. சில நொடிகளில் மீண்டு, அந்தப் பாத்திரத்தையே போய் முகர்ந்து பார்த்தால் தேறியது. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, அதன் பிறகு பந்தையும் தொட மறுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பழக்கிவிடலாம் என்று இறங்கினால் பயம் கூடும்.

மனிதரிடம் பழகுவதில் சலுகையே கிடையாது. குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், தரையில் முனகிக்கொண்டு கிடப்பவர், அழும் குழந்தை, இவர்கள் யாரிடமும் உறுமக் கூடாது, பல் காட்டக் கூடாது. இடிபாட்டில் கிடப்பவர் எழுந்து ஓட முடியாதவர். தெரு நாய்களோடு சண்டைக்குப் போகும் நாயும் களத்தில் தொல்லைதான். ஆட்டைக் கண்டால் துரத்துவது வேறு சங்கதி, பந்தைக் காட்டினால் திரும்பி வருகிறதென்றால் பழக்கிச் சரிசெய்துவிடலாம்.

குரைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இடிபாட்டில் தேடும் நாய் குரைத்துத்தான் இடத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் அடிப்படைத் திறன் தேர்வில் ஒளிந்திருப்பவர் முன் 30 நொடி விடாமல் குரைக்க வேண்டும். சான்று கிடைத்தாலும் மூன்று வருடத்துக்கொரு முறை மறுபடி தேற வேண்டும். ஆனால் குரைத்துக் காட்டுவது பின்னால் கற்றுத்தரப்படுவது. அமைதியான நாய் காட்டுத் தேடலுக்குப் போகலாம், ஆளைக் கண்டதும் திரும்பிவந்து உங்களை அழைத்துப்போகும் முறை அங்கே உண்டு.

கடைசியாக உங்களைப் பற்றி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், 18 மோப்ப நாய்களையும் அவற்றைக் கையாள்பவர்களையும் வாசனைப் பொருள் எதுவுமே வைக்காத அறைகளில் தேடவிட்டார்கள். பொருள் இருக்கிறது என்று கையாள்பவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான தேடல்களில் நாய் கண்டுபிடித்துவிட்டதாகவே அறிவிப்பு வந்தது. பந்து இருக்கும் புதர் எது என்று உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் கண்ணும் காலும் அங்கே திரும்பும், நாய் அதைப் படித்துவிடும். எனவே எறியும்போது நீங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். நேரத்தைக் குறிக்கவும் முடிவு சொல்லவும் மூன்றாவது ஆள் இருக்கட்டும். எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். நாய் எத்தனை முறை உங்களைத் திரும்பிப் பார்த்தது என்பதைக் களத்தில் யாரும் எண்ண மாட்டார்கள், வீடியோவில் எண்ணலாம்.

முதல் நாள் தேறாவிட்டால் மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் இன்னொரு முறை பாருங்கள். விளையாட்டில் ஆர்வக் குறைவு, பொறுமையின்மை, ஆடும் பலகையில் தயக்கம் ஆகியவை இந்த இடைவெளியில் மேம்படக்கூடும், இளம் நாயாக இருந்தால் நிச்சயம் பார்க்கத் தகுந்தது. மனிதரைக் கடிக்க வந்ததும், சத்தத்துக்குப் பிறகு மீளாததும் மறுசோதனைக்கு உரியவை அல்ல. அந்த நாயைத் திரும்பவும் கட்டடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். பந்து தேடும் விளையாட்டைத் தோப்பில் தொடருங்கள், அதற்கு அது போதும்.