கார்ட்டிசால் ஏறியிருக்கிறதா? சிடி ஸ்கேன் கடைசியில்

சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன் கார்ட்டிசால். அது அளவுக்கு மீறினால் (குஷிங் நோய்க்குறி) முகம் உருண்டு, வயிறு தள்ளி, கை கால் மட்டும் மெலிந்திருக்கும். அடிவயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள். லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. சர்க்கரையும் பிரஷரும் கூடவே ஏறும்.

டெஸ்ட் எழுதும் முன், வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேமலுக்குப் பூசும் கிரீம், மூட்டுவலிக்கான பெயரில்லாப் பொடி, முட்டியில் போட்ட ஊசி என்று, கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு எதிலும் ஒளிந்திருக்கும். பலருக்கு விசாரணை அந்தப் பையோடு முடிந்துவிடும்.

அடுத்தது டெக்ஸாமெத்தசோன் டெஸ்ட். இந்த ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் உடலின் சொந்தக் கார்ட்டிசால் அடங்க வேண்டும். இரவு 11 மணிக்கு 0.5 மி.கி மாத்திரை இரண்டு, காலை 8லிருந்து 9க்குள் ரத்தம். கார்ட்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்கு (டெசிலிட்டருக்கு) மேல் நின்றால் அடங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களின் கல்லீரல் டெக்ஸாவைச் சீக்கிரம் கரைத்துவிடும். நோயே இல்லாமல் எண் ஏறும். கருத்தடை மாத்திரையும் அப்படி ஏமாற்றும், ஆறு வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். இரவு எச்சில் அல்லது 24 மணி நேர சிறுநீர் என்று இன்னொரு டெஸ்டும் ஒத்துப்போக வேண்டும். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு எச்சில் டெஸ்ட் வேண்டாம்.

பெங்களூரில் அதிகம் சொதப்புவது இதற்கடுத்த ஏசிடிஎச் டெஸ்ட். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைச் சுரக்கச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் இது. அட்ரீனல் தானாகச் சுரந்தால் பிட்யூட்டரி அடங்கி, இது 10 பிகோகிராமுக்குக் கீழே (மில்லிலிட்டருக்கு) இறங்கும். ஆனால் ஏசிடிஎச் சூட்டில் சிதையும். கே.ஆர்.புரத்தில் வீட்டுக்கே வந்து எடுத்த ரத்தம் சில்க் போர்டு நெரிசலில் பைக் பெட்டியில் ஒரு மணி நேரம் வெந்தால், உண்மையில் 40 இருப்பதும் குறைவாக வரலாம். பிட்யூட்டரி நோயாளிக்கு அட்ரீனல் என்று முத்திரை விழும். லேபுக்கே போய், ஊதா மூடிக் குழாயை ஐஸில் வைக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சிடி அதற்குப் பிறகுதான். வயதானால் ஒன்றும் செய்யாத சின்னக் கட்டி அட்ரீனலில் பலருக்கும் இருக்கும். முதலிலேயே ஸ்கேன் எடுத்தால் பழி அதன்மேல் விழும். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள் (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) இருந்தால் சாதுவான கட்டி. 4 சென்டிமீட்டரைத் தாண்டி, 20க்கு மேலும் காட்டினால் புற்றுநோய் பயம் உண்டு. அடர்த்தி 10ஐத் தாண்டினாலே மெட்டாநெஃப்ரின் டெஸ்டும் (அட்ரினலின் சிதைந்து வரும் பொருளின் அளவு) பார்த்தாக வேண்டும். அட்ரினலினைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி என்று தெரியாமல் கத்தி வைத்தால் மேஜையிலேயே பிரஷர் எகிறும்.

ஒரு பக்கக் கட்டி என்றால் லேப்ராஸ்கோப்பியில் அந்தச் சுரப்பியை எடுப்பதே தீர்வு. காத்திருக்கும் நாட்களுக்குக் கீட்டோகோனசோல் தருவார்கள், கல்லீரல் டெஸ்ட் தவறாமல் பார்க்க வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதால் ஹெப்பாரின் ஊசியும் உண்டு.

எடுத்த பின் மறுபக்கச் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். விழிக்க ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதுவரை கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, மெல்ல இறக்கி நாளுக்கு 15லிருந்து 25 மி.கி. மூட்டெல்லாம் வலித்து, ஆள் சோர்ந்து, ‘ஆபரேஷன் ஃபெயிலா?’ என்று பயப்படுவார்கள். ஏறியிருந்த கார்ட்டிசால் இறங்கியதால் வரும் வலி அது. காய்ச்சல் வந்தால் டோஸ் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே எமர்ஜென்சியில் 100 மி.கி ஊசி. முந்தைய நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு எடுத்த காலைக் கார்ட்டிசால் 10 மைக்ரோகிராமைத் (டெசிலிட்டருக்கு) தாண்டினால் மருந்தை விடலாம். 5க்குக் கீழ் என்றால் தொடர வேண்டும்.

ஹைட்ரோகார்ட்டிசோனின் பெரிய டோஸ் எழுந்தவுடன். மாலை 4 மணிக்கு எழுந்து ஷிஃப்டுக்குக் கிளம்புபவருக்கு அந்த 4 மணிதான் காலை.