மாமாவின் லேப்டாப்பில் லினக்ஸும் தமிழும்: எங்கெல்லாம் மாட்டும்?

"லினக்ஸ்ல தமிழ் எல்லாம் சரியா வராது சார், புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மாமாவின் பழைய லேப்டாப் 11-ஐ ஏற்காது. மாமாவுக்கு வேண்டியதோ தமிழ்99 தட்டச்சும், ஊர்க் கோயில் குறிப்புகளை எழுத லிப்ரேஆபிஸின் ரைட்டர் நிரலும்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான சுபுண்டு 24.04 போட்டேன். நிறுவல், வைஃபை, பிரிண்டர் எதிலும் வம்பில்லை. தமிழில் தட்டச்ச உதவும் ஐபஸ்-எம்17என் ஏற்றி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பதும் ஐந்து நிமிட வேலைதான்.

வம்பு அதன் பிறகு. "மாப்ள, நீ தொறந்தா தமிழ் வருது, நான் தொறந்தா இங்கிலீஷ்தான் வருது!" என்றார் மாமா. கைராசி என்று சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது அட்சரசுத்தம். நான் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) பெயரை அடித்து மவுஸ்பேட் என்ற எழுதும் நிரலைத் திறக்கிறேன், அவர் மெனுவில் ஐகானைச் சொடுக்குகிறார். இணையத்தில் பாதிப் பேர் 'ஜிடிகே, க்யூடி, எக்ஸ்மாடிஃபையர்ஸ் மூன்று வரிகளையும் பேஷ்ஆர்சியில் ஒட்டு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல்களுக்கு ஐபஸைக் காட்டும் மாறிகள் (அமைப்பு மதிப்புகள்) இவை. நானும் அப்படித்தான் ஒட்டியிருந்தேன். பேஷ்ஆர்சி என்பது டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் நிரலின் அமைப்புக் கோப்பு. அதைப் படிப்பது டெர்மினலில் ஓடும் பேஷ் மட்டுமே. அங்கிருந்து திறக்கும் நிரலுக்குத்தான் அந்த மாறிகள் போய்ச் சேரும். மெனுவிலிருந்து கிளம்பும் நிரல் அந்த டெர்மினலின் பிள்ளை இல்லையே, அதற்கு எப்படித் தெரியும்?

அந்த மூன்று வரிகளையும் அழித்துவிடுங்கள். தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுக்கும் ஐஎம்-கான்ஃபிக் கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்தால், வேண்டியதை அதுவே எக்ஸ்இன்புட்ஆர்சி கோப்பில் எழுதிக்கொள்ளும். பிறகு லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். ஜன்னலை மூடித் திறந்தால் போதாது. இனி மெனு நிரல்களுக்கு வேறு ஏதாவது மாறி தேவைப்பட்டால் அதற்கு இடம், லாக்-இன் செய்யும்போதே படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்பு. பேஷ்ஆர்சியில் அலியாஸ் (கட்டளைச் சுருக்கம்), ஹிஸ்டரி அளவு, ப்ராம்ப்ட் போன்ற டெர்மினல் சங்கதிகள் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது அக்கா மகன் வைத்த வேட்டு. கல்லூரிக் கணினியிலிருந்து தன் பேஷ்ஆர்சியை அப்படியே கொண்டுவந்து போட்டிருந்தான். டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என்று எண் குவியலாக வந்தன. மாமா பதறிவிட்டார், கோப்பெல்லாம் போச்சு என்று. ஒன்றும் போகவில்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில் 'எல்சி_ஆல்=சி' என்று ஒரு வரி, அதாவது தமிழ் எழுத்து தெரியாத ஆதி அமைப்பு. மொழியைச் சொல்லும் லாங் மாறியில் எதை வைத்திருந்தாலும் இது அதை அமுக்கிவிடும். வரியை எடுத்தேன், பெயர்கள் திரும்பின. அடுத்தவர் பேஷ்ஆர்சியை வாங்கினால் வரி வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். டெர்மினலில் கொம்பும் காலும் கொஞ்சம் பிய்ந்து தெரிவது வேறு சங்கதி. அது காட்டும் விதத்தில் உள்ள குறை, கோப்பு நன்றாகவே இருக்கும்.

நான் எதிர்பார்க்காத இடி பென்டிரைவிலிருந்து. மாமா கோப்புகளுக்குப் பெயர் வைக்க மாட்டார், முகவுரையே எழுதுவார். விண்டோஸில் சமர்த்தாக இருந்தவை இங்கே நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றன. விண்டோஸ் கணக்கில் 255 குறியீடுகள் வரை ஆகும். இங்குள்ள வட்டின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 கணக்கில் 255 பைட்டுகள்தான், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. புள்ளியும் துணையெழுத்தும் தனிக் குறியீடுகள் என்பதால் 'கோயில்' என்ற ஒரு சொல்லுக்கே 18 பைட்டு போய்விடுகிறது. பென்டிரைவில் இருக்கும்போதே பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள். பாதி நகல் ஆனபின் எது வந்தது, எது விட்டது என்று தேடுவது பெரும் பாடு.

ரைட்டரில் ஒன்று. பாணியில் (ஸ்டைல்) எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் அசையாது, ஆங்கிலம் மட்டும் மாறும். அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் தமிழுக்கான தனி எழுத்துருப் பெட்டி கண்ணில் படும். அளவும் அங்கே தனிதான், அதையும் மாற்றுங்கள். பிறகு அந்த ஆவணத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்து, அதையே இயல்பாக வைத்துவிட்டால் புது ஆவணம் ஒவ்வொன்றுக்கும் இதே கூத்து இருக்காது. கடைக்காரருக்குக் காட்ட மாமா முதல் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார்.