லிஸ்ட் போடறது நீங்கதானே அக்கா

என் வார்டில் வேலை செய்யும் அந்த நர்ஸ், அந்தக் கேள்வியைக் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அன்றே மறந்தும் போயிருப்பேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் திறந்து, தன் பாதங்களைப் பார்த்தபடியே கேட்டாள்: "ட்யூட்டி லிஸ்ட் போடறது நீங்கதானே அக்கா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று மதியம் ஹேண்ட்ஓவர், அதாவது ட்யூட்டி கைமாறும் நேரம். மருந்தை மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பின் வேகத்தைச் சரிபார்த்தபோது, சார்ட்டில் 0.5 இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று எழுதியிருந்தாள். பம்பு சரியான வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, எழுத்தில்தான் புள்ளி விட்டுப்போயிருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்திக் கையெழுத்துப் போட்டு, முறைப்படி பதிவும் செய்தோம். ஆனால் அவளுடைய கை நடுக்கம் நிற்கவில்லை. "மனசு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குதுக்கா, நாலு நாளா இப்படித்தான்" என்றாள்.

உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். "மனசை விடு. முதல்ல உடம்பைப் பாரு. உடம்பு அடங்கினா மனசு தன்னால அடங்கும்" என்றேன். ஷூவைக் கழற்றச் சொன்னேன். பாதம் முழுக்கத் தரையில் படட்டும், குதிகால் எங்கே அழுந்துகிறது, விரல்கள் எங்கே தொடுகின்றன என்று மட்டும் பார், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடு என்றேன். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத் துடிப்பு சற்றுத் தணியும். அதனால்தான் நீளமாக விடச் சொல்வது. இதையெல்லாம் அவளுக்கு விளக்கவில்லை. சும்மா செய்யச் சொன்னேன்.

நான்கு நிமிடம் இருக்கும். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "கால் இவ்வளவு வலிக்குதுன்னு இப்பதான்கா தெரியுது" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் சொன்னதில் பொய் இல்லை. இதை எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொண்டாகிவிட்டது. பல வருடங்களுக்கு முன் என் கைக்குள்ளேயே ஒரு சின்ன உயிர் போனது. அதன் பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லை. ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் மனதோடுதான் பேசினார்கள், ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. அப்போதைய சீனியர் ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார்: கடைசியா எப்ப வயிறு நிறையச் சாப்பிட்ட, எப்ப வெயில்ல நின்ன, எப்ப எட்டு மணி நேரம் படுத்த? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. காலையில் அரை மணி நேரம் நடை, இருட்டிய அறையில் தூக்கம், நைட் ட்யூட்டி முடிந்ததும் போனைத் தொடாமல் படுப்பது. இவ்வளவுதான் செய்தேன். ஒரு மாதத்தில் துக்கம் போய்விடவில்லை. ஆனால் துக்கத்தைத் தாங்க ஓர் உடம்பு கிடைத்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சும்மா சொல்லவில்லை. வார்டில் கை கழுவும் ஒவ்வொரு முறையும் தண்ணீரின் சூட்டை, குளிரை உணர்ந்து கழுவப் பழகினேன். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கழுவுகிறோம்! அத்தனை முறையும் மனம் இந்த நொடிக்குத் திரும்பி வந்துபோகும். இன்றும் அப்படித்தான் கழுவுகிறேன்.

ஆகவே, எனக்கு வேலை செய்த மருந்தைத்தான் அவளுக்கும் கொடுத்தேன். இதில் என்ன தப்பு என்று அன்றிரவு முழுக்க எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் பழைய லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினைந்து நாட்களில் நான்கு முறை அவளுக்கு ஈவினிங் முடிந்து மறுநாள் மார்னிங் விழுந்திருந்தது. காகிதத்தில் இரவு 9 மணிக்கு முடிந்து காலை 7 மணிக்குத் தொடங்கும், நடுவில் 10 மணி நேரம். ஆனால் ஹேண்ட்ஓவர் முடிந்து கிளம்ப 10 ஆகும். குழந்தையைக் கிளப்ப 5 மணிக்கே எழுபவள். போகிற வழி, குளியல், சாப்பாடு எல்லாம் கழித்தால் தூக்கம் எவ்வளவு மிஞ்சும்?

17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குச் சரிந்துவிடும் என்று 1997இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை எண்ணிப் பார்த்தேன். சரியாக 17. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர விதி, ஒரு நாளில் தொடர்ந்து 11 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. என் லிஸ்ட்டில் அவளுக்குப் பத்துகூட இல்லை. அவள் மனம் ஓரிடத்தில் நிற்காததற்குக் காரணம் தேடி அவள் பாதம் வரைக்கும் போன நான், என் பென்சில் வரைக்கும் வரவில்லை.

ஆனால் அந்த நான்கில் இரண்டு, அவளே கேட்டு மாற்றிக்கொண்டவை. இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து 13 பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி பிரசவ விடுப்பு என்றால் யாராவது வந்துதானே ஆக வேண்டும்? வேண்டுமென்று யாரையும் நான் வதைக்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: மாற்றிக் கேட்டாளே, மீதி நாட்களை நான் வேறு மாதிரி போட்டிருந்தால் கேட்டிருப்பாளா?

அமெரிக்காவின் ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இந்த விழிப்புணர்வுப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) தொடங்கியபோது, அவரிடம் வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். பல வாரப் பயிற்சி. முக்கால் மணி நேரம் படுத்தபடி கால் விரலில் தொடங்கி தலைவரை ஒவ்வோர் இடமாக உணர்ந்து வருவார்கள். வலியை விரட்டுவதற்கு அல்ல, அது இருக்கும் இடத்தில் அதை அப்படியே பார்ப்பதற்கு. இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்று அவள் அழுதபோது நான் பதறிப்போனேன். அமைதி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது வலி. பயிற்சி பலிக்காமல் போகவில்லை, பலித்துவிட்டது. நாள் முழுக்க ஓடியதில் மறந்திருந்த தன் கால்களை அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும், அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். இதைவிடத் தெளிவான விழிப்புணர்வு வேறு என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பை ஏற்றபோது, பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தின் தொடர் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றே வரையறுத்தது. கையாள வேண்டியது யார் என்பதில்தான் நான் தடுமாறுகிறேன். அவள் தூங்க வேண்டும், நடக்க வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லும் உரிமை அன்று எனக்கு இருந்ததா?

அடுத்த மாத லிஸ்ட்டில் அவளுக்கு ஈவினிங்குக்கு மறுநாள் மார்னிங் ஒன்றுகூட வராமல் போட்டேன். வார்டு முழுக்க ஒன்பது முறை இருந்தது ஆறாகக் குறைந்தது. அதற்குமேல் எப்படி மாற்றிப் போட்டாலும் குறையவில்லை. அந்த ஆறும் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால், எதற்கும் வாய் திறக்காதவர்களிடம். இன்னும் ஓர் ஆள் கேட்டு நர்சிங் சூப்பரின்டென்டன்டுக்குக் கடிதம் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார். அவர் நிலையிலும் ஒரு லிஸ்ட் இருக்கும்.

அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். தினமும் ஷூ போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பாதத்தைத் தரையில் வைத்து நிற்கிறேன் என்றாள். சந்தோஷமாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததாலா, லிஸ்ட்டை மாற்றியதாலா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நேற்று அடுத்த லிஸ்ட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கட்டத்தில் 'ஈ' எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'மா' எழுதப் போனபோது மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. மூச்சை நீளமாக விட்டு, தோளைத் தளர்த்திக்கொண்டு எழுதி முடித்திருக்கலாம். எனக்கு அது நன்றாகவே வரும். பென்சிலை வைத்துவிட்டு அந்தக் கட்டத்துக்கு உரியவளுக்குப் போன் செய்தேன்.

"பரவாயில்லக்கா, நான் வந்துடறேன்" என்றாள்.

"கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.